துடிப்பை அடக்கிய மாத்திரை

"பிரஷர் நார்மலாயிடுச்சு. இனிமே மாத்திரை எதுக்கு?"

ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர்காஜாவிலும் நம்மவர் வீடுகளில் சர்வ சாதாரணமாகக் காதில் விழும் கேள்வி இது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர் கேட்பார். டவுனில் கடை வைத்திருக்கும் அவருடைய மகனும் கேட்பார். கேள்வியில் தப்பில்லை. பதிலை யாரிடமும் கேட்காமல் தாமே முடிவு செய்து, மாத்திரைப் பொட்டலத்தை அலமாரியில் போட்டுவிடுவதுதான் தப்பு. அதிலும் அந்த மாத்திரை, இதயத் துடிப்பை அடக்கி வைக்கும் 'பீட்டா புளோக்கர்' வகையாக இருந்தால் அந்தத் தப்பு உயிருக்கே உலை வைத்துவிடலாம்.

ஏன் என்று தெரிந்துகொள்ள அந்த மாத்திரையின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரு மாத்திரைக்கு வரலாறா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் நம் கதையும் அதன் கதையும் பல இடங்களில் ஒன்றையொன்று உரசிக்கொண்டே வந்திருக்கின்றன.

1896: இரண்டு தொடக்கங்கள்

1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்ற சீன வணிகர் சுமார் 40 ஏக்கர் நிலத்தில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிக நோக்கோடு அமைந்த முதல் ரப்பர் தோட்டம் அதுதான். பிறகு அவரே புக்கிட் ஆசாஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் இறங்கினார். அந்த மரங்களை நம்பித்தான் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கப்பல் கப்பலாக நம் முன்னோர் வந்து இறங்கினார்கள்.

அதே 1896ஆம் ஆண்டில் இத்தாலியின் தூரின் நகரில் ரிவா ரோச்சி என்ற மருத்துவர் ஒரு கருவியை வெளியிட்டார். கையில் பட்டையைச் சுற்றி, காற்றை அடித்து, ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி. இன்று கிளினிக்கில் நம் கையில் சுற்றுகிறார்களே, அதன் மூதாதை அதுதான். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரொட்கோவ், ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் கண்டறியும் முறையைச் சொன்னார்.

அந்த 1905ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியது. அப்போது மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. ஆகவே அது மலாக்காவுக்கும் உரிய பள்ளிதான். பின்னாளில் அது ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. இந்தக் கல்லூரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை மறுபடியும் அங்கே வரும்.

டிரஸ்ஸர் காலம்

அந்நாளைய தோட்டத்தில் இதய நோயைப் பற்றிப் பேச நேரமே இல்லை. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு, ரத்தச்சோகை ஆகியவையே ஆட்களைக் கொண்டுபோயின. காலனித்துவ அரசின் தொழிலாளர் சட்டங்கள், தோட்ட நிர்வாகம் மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று விதித்தன. அதன்படி தோட்டத்து ஆஸ்பத்திரி வந்தது, டிரஸ்ஸர் வந்தார். கொய்னா கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் அவர் வேலை. சுதந்திரத்துக்குப் பின் 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

டிரஸ்ஸருக்குக் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு பெரிய நன்மை இருந்தது. அவர் லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தார். யாருக்கு என்ன நோய், யார் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியும். 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது மக்கள் இழந்தது வேலையையும் வீட்டையும் மட்டுமல்ல, கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த மருத்துவ உதவியையும்தான். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கி வைத்ததன் பின்னணியும் இந்தத் துண்டாடல்தான்.

மருந்தில்லாத நோய்

ஏழைக்கு மருந்து கிடைக்கவில்லை, பணக்காரனுக்குக் கிடைத்தது என்று நினைத்தால் அதுவும் சரியல்ல. ரத்தக் கொதிப்பைப் பொறுத்தவரை அன்று எல்லாருமே ஏழைகள்தாம். அமெரிக்க அதிபர் பிராங்ளின் ரூஸ்வெல்ட் 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். அன்று அவருடைய ரத்த அழுத்தம் 300க்கு 190. உலகப் போரையே நடத்திய மனிதருக்கு, அந்த அழுத்தத்தை இறக்க உருப்படியான ஒரு மாத்திரை இல்லை.

முதல் நம்பிக்கைகளில் ஒன்று இந்தியாவிலிருந்து வந்தது என்பது நாம் பெருமையோடு அறிய வேண்டிய செய்தி. சர்ப்பகந்தா என்ற மூலிகை வேரை நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் அதனை 50 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து பிரிக்கப்பட்டது. அழுத்தம் இறங்கியது. ஆனால் சிலருக்கு மனச்சோர்வும் சேர்ந்து வந்தது. இன்னும் நல்ல மருந்து தேவைப்பட்டது.

கடனோடு கப்பலேறிய இளைஞர்

அந்த மருந்தைக் கண்டுபிடிக்கப் போகிறவர், அந்த நேரத்தில் சிங்கப்பூரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் ஜேம்ஸ் பிளாக். ஸ்காட்லாந்தில் 1924இல் பிறந்தவர். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றபோது கையில் பட்டமும் தலையில் கடனும் இருந்தன. அந்நாளில் நோயாளிகள் நடத்தப்பட்ட விதம் பிடிக்காததால் வைத்தியத் தொழில் செய்ய அவருக்கு மனமில்லை. கடனை அடைப்பதற்காக 1947இல் சிங்கப்பூருக்கு வந்து, அதே ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் உடலியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1949இல் அந்தக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. 1950இல் பிளாக் இங்கிலாந்துக்குத் திரும்பினார். அங்கே அவருக்கு ஒரு வேலைகூடக் காத்திருக்கவில்லை.

பிழைப்புக்காகக் கடன் சுமையோடு கடல் கடந்து வருவது என்றால் என்ன என்பது நம் சமூகத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மூன்று ஆண்டுகளில், மலாக்காத் தோட்டங்களிலிருந்து சில மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்த அந்த இளைஞர், பிற்காலத்தில் அந்தத் தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள் விழுங்கப் போகும் மாத்திரையைத் தருவார் என்று அன்று யாருக்குத் தெரியும்?

பூட்டில் நுழையும், திறக்காது

இங்கே சற்று அறிவியல். பயந்தாலும் கோபப்பட்டாலும் ஓடினாலும் உடம்பில் அட்ரினலின் என்ற சுரப்பு கூடுகிறது. அது சாவி மாதிரி. இதயத்தில் அதற்கான பூட்டுகள் இருக்கின்றன. சாவி பூட்டில் திரும்பினால் இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கும். 1948இல் அமெரிக்காவின் ரேமண்ட் அல்குவிஸ்ட், இந்தப் பூட்டுகள் ஒரே வகை அல்ல, ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகை என்று எழுதினார். இதயத்தை விரட்டுவது பீட்டா. அவருடைய கட்டுரையை முதலில் அணுகிய இதழ் ஏற்கவில்லை. வேறு இதழில் வெளிவந்த பிறகும் பல ஆண்டுகள் அதைப் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டவர்களில் ஒருவர் பிளாக். நெஞ்சுவலிக்காரருக்கு இதயத்துக்குப் போகும் ரத்தத்தைக் கூட்ட வேண்டும் என்றே அன்றைய மருத்துவர்கள் முயன்றார்கள். பிளாக் மாற்றி யோசித்தார். இரண்டு பால் வாளிகளைச் சுமந்துகொண்டு மேடேறுகிறவருக்கு மூச்சு வாங்குகிறது. அவருக்கு இன்னொரு தட்டு சோறு போடுவது ஒரு வழி. சுமையைக் குறைப்பது இன்னொரு வழி. இதயத்தின் வேலைச் சுமையைக் குறைத்தால் அதற்குத் தேவைப்படும் பிராணவாயுவும் குறையும் அல்லவா? பூட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும், ஆனால் திரும்பாத ஒரு போலிச் சாவி இருந்தால் அட்ரினலினால் இதயத்தை விரட்ட முடியாது.

1958இல் அவர் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் சேர்ந்து இந்தப் போலிச் சாவியைத் தேடினார். முதலில் வந்த புரோனெத்தலோல் எலிகளுக்குக் கட்டியை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்ததுதான் புரோபுரனலோல். 1960களின் நடுவில் இண்டெரால் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. நெஞ்சுவலிக்காகத் தேடிய அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்பதை லண்டன் மருத்துவர் பிரையன் பிரிச்சர்ட் 1964இல் எடுத்துக்காட்டினார். 1988இல் பிளாக்குக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 2010இல் அவர் காலமானார்.

நன்மையும் தவறும்

இந்த வரலாறு முழுக்க வெற்றி வரலாறு என்று சொல்வது நேர்மையாகாது. புரோபுரனலோல் மூச்சுக்குழாயையும் இறுக்கியது. ஆகவே இதயத்தில் மட்டும் அதிகமாக வேலை செய்யும் பிராக்டலோல் என்ற மருந்தை 1970இல் வெளியிட்டார்கள். சில ஆண்டுகளில் அதைச் சாப்பிட்டவர்களுக்குக் கண் வறண்டது, தோல் பாதித்தது, வயிற்றின் உட்சவ்வு தடித்தது. சிலர் பார்வை இழந்தார்கள், சிலர் உயிரையும் இழந்தார்கள். 1970களின் நடுவில் அது பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. புது மருந்தை வெளியிட்ட பிறகும் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க வேண்டும் என்ற பாடத்தை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1976இல் வந்த அட்டெனலோல் இந்தத் தொல்லை இல்லாமல் உலகெங்கும் பரவியது.

அடுத்து மாரடைப்பு. 1981இல் நார்வேயில் 1,884 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, மாரடைப்புக்குப் பின் டிமலோல் சாப்பிட்டவர்களிடையே இறப்பு குறைந்ததைக் காட்டியது. அமெரிக்காவில் 3,837 பேரிடம் புரோபுரனலோலை வைத்து நடந்த ஆய்வில், சராசரியாக இரண்டாண்டு காலத்தில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 9.8 பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 7.2 பேர். நன்மை தெளிவாகத் தெரிந்ததால் அந்த ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள்.

இன்னும் வியப்பு ஒன்று உண்டு. தளர்ந்துபோன இதயத்துக்கு இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது என்று பாடப் புத்தகங்கள் எச்சரித்தன. சுவீடனில் பின் வாக்ஸ்டீன் என்ற மருத்துவர் 1975இல் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கிடைத்ததாக எழுதியபோது நம்பியவர்கள் குறைவு. 1999இல் 2,647 பேரிடம் நடந்த பைசோபுரோலோல் ஆய்வு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வெற்று மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு மேல் இறந்த இடத்தில், மருந்து சாப்பிட்டவர்களில் 12க்கும் குறைவானவர்களே இறந்தார்கள். களைத்த மாட்டைச் சாட்டையால் அடிப்பதைவிட நுகத்தடியைச் சற்றுத் தளர்த்துவது மேல் என்பது புரிந்தது.

இடம் மாறிய மருந்து

காலம் மாறியது. 2002இலும் 2005இலும் வந்த பெரிய ஆய்வுகளில், வேறு சிக்கல் இல்லாத வெறும் ரத்தக் கொதிப்புக்கு அட்டெனலோலைவிடப் புதிய மருந்துகள் பக்கவாதத்தைக் கூடுதலாகத் தடுத்தன. 2006இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி இதனை முதல் மருந்து என்ற இடத்திலிருந்து இறக்கியது. ஆனால் நெஞ்சுவலி, இதயத் தளர்ச்சி, சீரற்ற துடிப்பு போன்றவற்றில் இந்த மருந்துக்கு இன்றும் இடம் உண்டு. கர்ப்பிணிகளின் ரத்தக் கொதிப்புக்கு லபெட்டலோல் என்ற உறவுக்கார மருந்து பயன்படுகிறது.

2024இல் 5,020 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு, மாரடைப்புக்குப் பிறகும் இதயத்தின் பம்பு பலம் குறையாமல் இருப்பவர்களுக்கு இந்த மருந்தால் கூடுதல் பலன் தெரியவில்லை என்றது. இந்தச் செய்தியைக் கைப்பேசியில் படித்துவிட்டு, "அப்படியென்றால் நமக்கும் வேண்டாம்" என்று முடிவு செய்தால் ஆபத்து. ஏனென்றால் அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வில், நெடுநாள் சாப்பிட்டவர்களிடம் மருந்தை நிறுத்திப் பார்த்தபோது, நிறுத்துவது தொடர்வதைப் போலவே பாதுகாப்பானது என்று மெய்ப்பிக்க முடியவில்லை. புதிதாக ஆரம்பிக்க வேண்டுமா என்பது ஒரு கேள்வி. சாப்பிடுகிறவர் நிறுத்தலாமா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் இதயத்தைப் பரிசோதித்த மருத்துவர்தான் பதில் சொல்ல முடியும்.

திடீரென்று நிறுத்தினால்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பூட்டுகளைப் போலிச் சாவி நெடுநாள் அடைத்து வைத்திருந்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. கூடுதல் பூட்டுகளை உண்டாக்கிக்கொள்கிறது. இந்த நிலையில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும்? கூடிப்போன அத்தனை பூட்டுகளிலும் அட்ரினலின் பாய்கிறது. இதயம் தறிகெட்டு ஓடுகிறது. நெஞ்சுவலி திரும்பலாம், மாரடைப்பே வரலாம். 1970களிலேயே மருத்துவ இதழ்கள் இதனை எச்சரித்துவிட்டன. நிறுத்தத்தான் வேண்டும் என்றால் மருத்துவர் கண்காணிப்பில் ஒன்றிரண்டு வாரங்களில் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

"பிரஷர் நார்மலாயிடுச்சு" என்பதன் உண்மைப் பொருள், மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதே. கூரை ஒழுகவில்லை என்பதற்காக யாரும் கூரையைப் பிரிப்பதில்லை.

செங் சன்னாசிமலையில் மாசி மகத்துக்கு விரதம் இருப்பவர்களில் சிலர் மாத்திரையையும் விரதத்தில் சேர்த்துவிடுவது உண்டு. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும்போது பொட்டலத்தை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போவதும் உண்டு. விரதத்துக்கு முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்பதால் பக்தி குறைந்துவிடாது. பயணப் பையில் முதலில் வைக்க வேண்டியது மாத்திரைதான்.

நம் வீட்டுக் கவனத்துக்கு

2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் பத்துப் பேரில் மூவருக்கு ரத்தக் கொதிப்பு. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அந்நோய் இருப்பதே தெரியாது. அதே ஆய்வில் இனிப்புநீர் மிக அதிகமாகக் காணப்பட்டது இந்தியர்களிடம்தான். நூற்றுக்கு 31 பேர். இந்த எண்ணிக்கைக்கும் நம் மாத்திரைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

இனிப்புநீர் மருந்தோ ஊசியோ எடுப்பவருக்குச் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கினால் படபடப்பும் நடுக்கமும் வந்து எச்சரிக்கும். பீட்டா புளோக்கர் அந்தப் படபடப்பையே மறைத்துவிடலாம். ஆனால் வியர்வையை அது மறைப்பதில்லை. காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால் உடனே சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். ஆஸ்துமாக்காரருக்கோ இது மூச்சை இறுக்கிவிடலாம். ஆகவே பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கேட்ட மாத்திரையை இரவல் வாங்கிச் சாப்பிடும் பழக்கம் அறவே கூடாது. நாடித் துடிப்பு மிகவும் குறைந்தாலோ, தலைசுற்றினாலோ, கைகால் சில்லிட்டாலோ, மிகுந்த சோர்வு வந்தாலோ மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளவை மாற்றுவதற்கும் வேறு மருந்துக்கு மாற்றுவதற்கும் வழி இருக்கிறது.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பொட்டலத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். அட்டெனலோல், மெட்டோபுரோலோல், பைசோபுரோலோல், புரோபுரனலோல், கார்வெடிலோல் என்று பெயர் 'லோல்' என முடிந்தால் அது இந்தக் குடும்பத்து மாத்திரை. தாத்தாவுக்குப் படிக்க வராவிட்டால் பேரப்பிள்ளை படித்துச் சொல்லட்டும்.

பல தோட்டங்களில் இன்று லயம் இல்லை, பெரட்டு இல்லை, பக்கத்து ஆஸ்பத்திரியும் இல்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்டில் மருத்துவரையும் பார்க்கலாம், மருந்தும் வாங்கலாம். ஆனால் அந்த கிளினிக்குக்கு அழைத்துப்போக ஆளில்லாமல், மாத்திரை தீர்ந்த நாளோடு மருந்தையும் விட்டுவிடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிடிவாதத்தால் நிறுத்தவில்லை. பஸ் இல்லாததால் நிறுத்துகிறார்கள். மகனும் மகளும் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வேலையில் இருக்கிறார்கள்.

அன்று அந்த வேலையை டிரஸ்ஸர் செய்தார். யார் மருந்து சாப்பிடவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று அது குடும்பத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்குப் போன் செய்யும் பிள்ளைகள், "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கட்டும்: "மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கு?"